மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றாறு விசில்

சைபரக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அந்தப் பழியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் கிடங்கில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் வாய் ஒரே ஒரு நாள்தான் அடைத்துப்போனது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் கடைக்கு வாசல் கிடையாது. வாங்குகிறவர்கள் போனில் பார்த்து வாங்குவார்கள். எங்களுக்கு இருப்பது தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கும், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கடுக்காக அலமாரிகளும், நடுவில் நீளமான பார்சல் மேசையும்தான். வாளி, பூட்டு, கொக்கி, குடை, துடைப்பம், பிள்ளைகளின் மழைக்கோட்டு, விசில் என்று வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் உண்டு. மேசையின் இந்த முனையில் நான் டேப் ஒட்டுவேன். அந்த முனையில், ஒரு திரையும் ஒரு போனும் வைத்துக்கொண்டு சைபரக்கா உட்கார்ந்திருப்பாள்.

அவள் வேலை இதுதான். ஒரே பொருளை நூறுக்கு மேல் யாராவது கேட்டால், அந்த ஆர்டர் என் மேசைக்கு வராது. அவள் திரையில் போய் நின்றுவிடும். அவள் அந்த ஆளுக்கு போன் போட்டு, "இத்தனை தானா?" என்று கேட்க வேண்டும். மனிதர்கள் எப்படியெல்லாம் தப்பாக அடிப்பார்கள் என்பதை அங்கே இருந்தால்தான் தெரியும். ஒருவர் தன் வீட்டு எண்ணை எண்ணிக்கைக் கட்டத்தில் அடித்துவிட்டு, ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு துடைப்பம் கேட்டிருந்தார். இன்னொரு வீட்டில் பூனை கீபோர்டில் படுத்து எழுந்ததில் இரண்டு லட்சத்துச் சொச்சம் சோப்புப்பெட்டி. "பூனைக்கிட்டப் பேசணும், குடுங்க" என்று அக்கா போனில் கேட்டபோது நான் மேசைக்கு அடியில் விழுந்து சிரித்தேன்.

போனை எடுக்காதவர்கள்தான் தலைவலி. மணிக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை கூப்பிட வேண்டும். அப்புறமும் எடுக்கவில்லை என்றால் இரண்டு நாள் நிறுத்திவைத்துவிட்டு ஆர்டரை ரத்து செய்ய வேண்டும். இது கடையின் விதி. அக்காவுக்கு அது பிடிக்காது. "பாவம், சாமான் வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்பாள். அதனால் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வீட்டார் முன்னால் என்ன வாங்கினார்கள் என்று பார்ப்பாள். பொருளைப் பார்ப்பாள். ஒரு சைபரை வெட்டிவிடுவாள். நூற்றிருபது கொக்கி பன்னிரண்டாகிப் போகும். கூடவே தன் கையால் ஒரு சீட்டு எழுதி வைப்பாள்: 'நூற்றிருபது என்று பதிவாகியிருந்தது. பன்னிரண்டாக இருக்கும் என்று நினைத்து அனுப்புகிறோம். மீதி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்.' அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் அவள் எழுத்து.

எட்டு வருஷம் அவள் வெட்டியதெல்லாம் சரியாகவே இருந்தது. நன்றி சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டே தவிர, மீதி கேட்டுக் கூப்பிட்டவர் ஒருவர்கூட இல்லை. மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவளுக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? பார்த்த மாத்திரத்தில் தப்பைச் சொல்லுகிற கண் எல்லோருக்குமா வாய்க்கும்?

அந்த ஆர்டர் ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. விசில், நானூறு. உள்ளே சின்ன உருண்டை உருளுகிற சாதாரண விசில். அவசரம் என்று குறித்திருந்தது. பெயர் தெரியாத ஏதோ மலையடிவார ஊர். ஒரு வீட்டு முகவரி. அந்த வீட்டார் அதற்கு முன் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் வாங்கியிருந்தார்கள். இரண்டு மழைக்கோட்டு. எட்டு வயது அளவில் மஞ்சள் ஒன்று, இரண்டு வயது அளவில் சிவப்பு ஒன்று.

அக்கா கூப்பிட்டாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்றது போன். மூன்று தடவையும் அதேதான்.

"ரெண்டு பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு எதுக்குடி நானூறு விசில்?" என்றாள்.

"அக்கம்பக்கத்துக்காரங்களை ஊரை விட்டு ஓட்டுறதுக்கா இருக்கும்" என்றேன் நான். சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"நாற்பதும் ஜாஸ்திதான். ஆளுக்கு ஒண்ணு, நாலு பேருக்கு நாலு." முதல் தடவையாக இரண்டு சைபரை வெட்டினாள். "அவசரம்னு போட்டிருக்காங்க. நிறுத்தி வெச்சா ரெண்டு நாள் போயிடும். இந்த நாலு விசிலாவது உடனே போகட்டும்."

அவள் அதை இரக்கத்தோடுதான் செய்தாள். நான் சாட்சி. நாலு விசிலையும் ஒரு சின்ன உறையில் போட்டு, சீட்டையும் வைத்து ஒட்டியவள் நான். சாயங்கால லாரியில் அது போயிற்று.

ஒன்பதாம் நாள் மதியம், அக்கா சாப்பிடப் போயிருந்தாள். போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"விசில் ஆர்டர் போட்டிருந்தேன். நானூறு. நாலு வந்துச்சு" என்றது ஓர் ஆண் குரல்.

"கை தவறி அடிச்சிட்டீங்க போலன்னு நினைச்சோம் சார். நானூறு வெச்சுக்கிட்டு என்ன, கச்சேரியா பண்ணப்போறீங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு.

"கை தவறல" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "சனிக்கிழமை நானூறு பேர் வந்தாங்க, காட்டுல தேடறதுக்கு. எங்க காட்டுல பனிமூட்டம் இறங்கிட்டா பக்கத்துல நிக்கறவன் தெரியமாட்டான். ஆளுக்கொரு விசில் இருந்தா வரிசை கலையாம போகலாம்னு போலீஸ்காரர் சொன்னாரு. இங்க கடையில அத்தனை கிடையாது. நாலு வெச்சு ஒண்ணும் பண்ண முடியல. கொஞ்ச தூரம் போனதுமே வரிசை கலைஞ்சு போச்சு."

"யாரைத் தேடினீங்க சார்?"

"என் மூத்த பொண்ணை" என்றார். அப்புறம், "மீதி இனிமே வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அனுப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டார்.

பிள்ளை கிடைத்தாளா என்று நான் கேட்கவில்லை. ஊரையே வாயால் அளக்கிறவள், இரண்டு வார்த்தை கேட்கத் துப்பில்லாமல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்றாரே, கிடைத்துவிட்டதால் வேண்டாமா, இனித் தேடிப் பயனில்லை என்பதால் வேண்டாமா? அந்தக் குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, நான் கேட்காமல் விட்டதுதான்.

"பிள்ளை கிடைச்சுதா?"

"கேக்கலக்கா."

"கேக்கலையா?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேசாமல் உட்கார்ந்து அந்த எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. அன்று சாயங்காலம் வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். வாரக்கணக்கில் பேப்பரில் தேடினோம். எங்கள் ஊர்ப் பேப்பருக்கு அந்த ஊரில் மலையே சரிந்தாலும் செய்தியில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. அவள் அதற்கப்புறமும் தினம் காலையில் வந்ததும் ஒரு தடவை கூப்பிட்டாள். முகவரிக்கு ஒரு கடிதமாவது போடு என்று சொன்னேன். "என்னன்னுடி எழுதறது?" என்றாள்.

எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. நானூறு கேட்டால், கேட்ட நிமிஷமே நானூறை அந்தப் பெயருக்கு ஒதுக்கிவிடும். நாலு போனால், மீதி ஓர் அட்டைப்பெட்டியில் சீல் வைக்கப்பட்டு, அந்தப் பெயர் ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் காத்திருக்கும். அக்காவின் திரையிலும் ஒரு வரி காத்திருக்கும்: விசில், 396, வாடிக்கையாளர் பதிலுக்காக. பழையது மேலே, புதியது கீழே என்பதால் நாளாக ஆக அந்த வரி முதல் வரியாகிவிட்டது. தினமும் அவள் திரையைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். அதை மூட வேண்டும் என்றால் ஒரு காரணத்தைத் தொட வேண்டும். இருப்பதே மூன்று காரணம்தான். சரக்கு இல்லை. எண்ணிக்கை தவறாகப் பதிவானது. வாடிக்கையாளருக்குத் தேவையில்லை.

"அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரே. மூணாவதைத் தொட்டு மூடிட்டுப் போம்மா" என்று சரக்கு சரிபார்க்கிற ஒவ்வொரு தடவையும் மேனேஜர் சொல்வார்.

"தேவைப்பட்டுச்சே சார்" என்பாள் அக்கா. அவர் கையை உதறிக்கொண்டு போய்விடுவார்.

அந்த அட்டைப்பெட்டி இருந்தது என் தலைக்கு நேர் மேலே. கிடங்குக்கு நாளைக்கு மூன்று தடவை லாரி வரும். அது பின்பக்கமாக வந்து நிற்கும்போது தரை அதிரும், அலமாரி அதிரும், பெட்டிக்குள் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு உருண்டையும் சேர்ந்து கலகலக்கும். நிறையப் பிள்ளைகள் எங்கேயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கும். லாரியின் ஹாரனுக்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் டேப்பைப் பிடித்த என் கை நின்றுவிடும். மேசையின் அந்த முனையில் அக்காவின் கையும் நின்றிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்று ஒரு நாள் ஏணியைக் கொண்டுவந்தேன். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு சைபரைக்கூட வெட்டவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கும்வரை கூப்பிடுவாள். வாளிக்காரர் ஒருவரை முப்பத்தோரு தடவை கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். எடுத்தவுடன், "எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்பாள். ஊர் வம்பு தேடுகிறவள் என்று நினைத்துச் சிலர் வைத்துவிடுவார்கள். ஒரு முடிதிருத்துகிறவர் ஆறு கண்ணாடிக்கு அறுநூறு அடித்துவிட்டார். அவசரம் என்று வேறு குறித்துவிட்டு, சாயங்காலம்வரை போனை எடுக்கவில்லை. இவள் வெட்டாமல் அறுநூறையும் அனுப்பிவிட்டாள். அவர் கடை வாசலில் லாரி நிற்க, உள்ளே பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, அவர் போனில் போட்ட கூச்சல் என் முனை வரைக்கும் கேட்டது. தன் பங்குக்கு மேனேஜரும் கத்தினார். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்கிற கதைதான். "அறுநூறு திரும்பி வரலாம் சார், பரவால்ல" என்றாள் அக்கா.

வீட்டிலும் அப்படித்தான் என்று அவள் புருஷன் சொல்வார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், தமாஷான மனிதர். டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு அவர்களுக்கு. நான் போயிருந்தபோது சொன்னார்: "ரெண்டு முட்டை வாங்கிட்டு வான்னா, நான் படி இறங்கறதுக்குள்ள மூணு தடவை போன் பண்ணி ரெண்டு தானேன்னு கேக்கறா. நேத்து முட்டைக்காரம்மாவே, அக்காவுக்கு ரெண்டு தான்னு சொல்லிடுங்கன்னாங்க." எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த தன் மகளை எட்டிப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் நாலு தடவை பார்த்தாள். அந்த மகளுக்கும் அப்போது எட்டு வயது.

ஒரு நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு இருபது நிமிஷம் தாமதமாக வந்தாள். ஸ்கூல் பஸ் டயர் பஞ்சர், அவ்வளவுதான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா பஸ் நிறுத்தத்தில் ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தம்மா எத்தனை நாள் இப்படி நின்னுருப்பாடி?" என்று கேட்டாள். அந்தம்மா யாரென்று நான் கேட்கவில்லை.

ஆறு வருஷம் போயிற்று. அவள் மகள் அவளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள் மஞ்சளாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு ஒரு மழைக்கோட்டு கட்ட வந்தது. எட்டு வயது அளவு, பச்சை நிறம், எண்ணிக்கை ஒன்று. சீட்டில் முகவரியைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். மேலே அண்ணாந்து பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். அதே பெயர், அதே வீடு. போன் எண் மட்டும் வேறு.

ஒன்று கேட்டால் அது அக்காவின் திரைக்குப் போகாது. நேராக என்னிடம்தான் வரும். நான் பேசாமல் டேப் ஒட்டி அனுப்பியிருக்கலாம். அப்படி நினைத்ததும் உண்மை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வாய் செய்த வேலை போதும் என்று தோன்றியது. கோட்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் படித்தாள். விரலால் அளவைத் தொட்டாள். "சின்னவளுக்கு இப்ப எட்டு வயசாயிருக்கும்" என்றாள். கணக்கு அவளுக்குத் தயாராகவே இருந்தது. தண்ணீர் குடித்தாள். புது எண்ணை அழுத்தினாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஆறு வருஷம் கிடைக்காத ஆள், இரண்டாவது மணியில்.

"ஹலோ?" அதே குரல்தான். எனக்குத் தெரிந்தது.

"வணக்கம் சார். கடையிலேருந்து பேசறேன். மழைக்கோட்டு கேட்டிருந்தீங்க." அவளுக்கு வேறு ஒன்றும் வரவில்லை. பதினாலு வருஷமாகக் கேட்டுப் பழகிய கேள்விதான் வந்தது. "ஒண்ணு தானா சார்?"

"ஒண்ணுதான்மா. ஏன்?"

"முன்னாடி கோட்டு ரெண்டு வாங்கியிருந்தீங்க."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ரெண்டு பிள்ளைங்கம்மா" என்றார். "மூத்தவளோட கோட்டு இருந்திருந்தா இப்ப இவளுக்குச் சரியா இருந்திருக்கும். அதைப் போட்டுக்கிட்டுத்தான் போனா. அவளும் வரல, கோட்டும் வரல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அந்த நானூறு விசில். சைபரை வெட்டினது நான்தான்."

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றும் நினைத்தேன்.

"சீட்டு எழுதினது நீங்களா?" என்றார். "கையெழுத்து அழகா இருந்துச்சு. ரொம்ப நாள் சட்டைப் பையிலேயே வெச்சிருந்தேன். மீதி வேணும்னா கூப்பிடுங்கன்னு எழுதியிருந்தீங்க. காட்டுக்குள்ள சிக்னல் கிடையாதும்மா."

"நானூறும் வந்திருந்தா கிடைச்சிருப்பாளா சார்?"

இதைக் கேட்கத்தான் அவள் ஆறு வருஷமாக அந்தச் செத்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அதைத்தான் நானும் தினம் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர். "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க."

பின்னால் ஒரு சின்னப் பெண் குரல், யாருப்பா என்று கேட்டது. கோட்டுக்காரங்க என்று அவர் பதில் சொன்னார்.

"மீதி இருக்கா?" என்று அவரே கேட்டார்.

"இருக்கு சார். உங்க பேர்லதான் இருக்கு. ஒண்ணுகூடக் குறையல."

"கோட்டு பாக்கெட்டுல ஒண்ணு போட்டு விடுங்க. இங்க மழை ஆரம்பிச்சிடுச்சு."

அக்காவே ஏணியில் ஏறினாள். நான் கீழே பிடித்துக்கொண்டேன். ஆறு வருஷத்து சீல் அவள் நகத்துக்கே கிழிந்துவிட்டது. ஒரு விசிலை எடுத்து, பச்சைக் கோட்டின் பாக்கெட்டில் போட்டு, விழாமல் இருக்கக் கயிற்றைப் பொத்தானில் இரண்டு சுற்று சுற்றினாள். சீட்டு எழுதத் தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டாள். நான் டேப் ஒட்டினேன்.

பெட்டியை இப்போதாவது இறக்கிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். திரையின் முதல் வரியில் எண்ணை மட்டும் மாற்றினாள்: விசில், 395, வாடிக்கையாளர் பதிலுக்காக. மூடவில்லை.

சாயங்காலம் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. தரை அதிர்ந்தது. ஒன்று குறைந்ததால் சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் தெரியுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தெரியவில்லை.